அத்தான் டேங்கை நிரப்புவதில்லை

முதலில் காரின் கால்மிதிகள் வெளியே வரும். பிறகு கதவுப் பையில் கிடக்கும் பழைய ரசீதுகள், அக்காவின் குடை, ஒரு சீப்பு, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றையும் வாசல்படியில் அடுக்கிவிட்டு, அத்தான் தன் சட்டைப் பையைத் துழாவுவார். சாவிக்கொத்திலிருந்து கார்ச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தை அக்காவிடம் நீட்டுவார். அடுத்த தெருவுக்குப் பால் வாங்கப் போனாலும் இந்தப் பூஜை உண்டு. நடந்து போயிருந்தால் அதற்குள் பாலைக் காய்ச்சியே முடித்திருக்கலாம்.

அத்தான் என் அக்காவின் கணவர். பார்சல் அலுவலகத்தில் எடை போடும் கவுன்ட்டர் அவருடையது. இத்தனை காலம் தராசோடு குடித்தனம் நடத்தியதில் அவருக்கு உலகமே எடையாகத்தான் தெரிகிறது. கைக்குழந்தையைக் கொடுத்தால், கொஞ்சுவதற்கு முன் ஒருமுறை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார். பெற்றவள் பதறிக் கையை நீட்டுவாள். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கிராம்'. அதில் அவருக்கு வருத்தமே இல்லை. 'டன்' என்று வைத்திருந்தால்தான் சண்டைக்குப் போயிருப்பார்.

அவருடைய கார் பழையது, சின்னது, இரண்டே கதவு. பின்சீட் பரண்மேல் இருக்கிறது. ஸ்டெப்னி கட்டிலுக்கடியில் தூங்குகிறது. என்னைப் போன்ற சொந்தக்காரன் யாராவது தொற்றிக்கொண்டால் பின்னால் தரையில் சம்மணம் போட்டு, முன்சீட்டின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போக வேண்டும். வேகத்தடை வரும்போதெல்லாம் என் பல் ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும்.

ஆனால் இவையெல்லாம் சில்லறை. அத்தானின் ஜென்ம விரோதி பெட்ரோல்தான். கார் ஓட அது வேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். அவ்வளவு கனமாக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. "ஒரு லிட்டர் முக்கால் கிலோப்பா. டேங்க் ரொம்பினா, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பின்னாடி ஏறின மாதிரி. சும்மாவா உக்காருவான்? வளைவுல இந்தப் பக்கம் சாய்வான், பிரேக் போட்டா முன்னாடி ஓடிவருவான். இறங்குடான்னா இறங்கவும் மாட்டான்" என்பார். வால் கனத்தால் மூக்கு தூக்கும், மூக்கு தூக்கினால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, மேடு ஏற மூச்சு வாங்கும் என்று பாடம் நீளும். அதனால் டேங்கில் எப்போதும் அடிமண்டிதான். கார் நடுரோட்டில் நின்றுபோவதும் அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு நடப்பதும் தெருவுக்கே பழகிப்போன காட்சி.

மெக்கானிக் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இவ்வளவு குறைவாக வைத்தால் செங்குத்தான வளைவில் இருக்கிற பெட்ரோலும் ஒரு மூலைக்கு ஓடிவிடும், இன்ஜின் வெறும் காற்றைத்தான் உறிஞ்சும், நிறைய இருந்தால் அது அலையவே இடம் இருக்காது என்றார். அத்தான் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, அவர் கையில் இருந்த ஸ்பேனரை வாங்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இத்தனையும் ஒரு கோப்பைக்காக. பழைய கார்க்காரர்கள் சங்கம் ஆண்டுதோறும் ஊருக்கு வெளியே மலைச்சாலையில் ஏற்றப் போட்டி நடத்துகிறது. ஒவ்வொரு காராக ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் உச்சிக் கோட்டைத் தாண்டினால் கோப்பை. காரில் இருவர் இருக்க வேண்டும். பழைய வண்டிகள் மக்கர் செய்வது சகஜம் என்பதால், நின்றுபோனால் அந்த இருவரே தள்ளிக்கொள்ளலாம். ஜெயிப்பவர் எப்போதும் பல் டாக்டர். ஜெயித்ததும் முப்பத்திரண்டும் தெரியச் சிரிப்பார். தொழில் விளம்பரம்.

அத்தானுக்குத் துணை அக்காதான். அக்காவுக்குக் கோப்பை வேண்டாம், கடல் வேண்டும். கடல் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பகல் தூரம். இடையில் காட்டுச்சாலை, பங்க் கிடையாது, டேங்கை நிரப்பாமல் போக முடியாது. எனவே கல்யாணமான நாளிலிருந்து போகவில்லை. ரயிலில் போகலாமே என்பார் அத்தான். நினைத்த இடத்தில் ரயில் நிற்குமா என்பாள் அக்கா. அத்தானின் கார் நினைக்காத இடத்திலும் நிற்கும் என்பதை நான் சொல்லவில்லை. இந்த வருடம் அவள் பொறுமை தீர்ந்துபோனது. "தோத்தீங்கன்னா பின்சீட்டை மாட்டணும், டேங்கை ரொப்பணும், கடலுக்குப் போகணும். ஜெயிச்சா நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள். அத்தான் கைகொடுத்தார். தோற்றால் லாபம் அடைகிறவளையே பக்கத்தில் உட்காரவைத்துப் பந்தயம் ஓட்டும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போட்டியன்று காலை அவளைச் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார். கிளம்பும் இடத்தில் அவள் கைப்பையைச் சோதித்தவர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கண்டுபிடித்து, அது வரக்கூடாது என்றார். சரி என்று அவர் எதிரிலேயே நின்று பாக்கெட்டைக் காலி செய்தாள். உள்ளே போனாலும் அதே எடைதான் என்பது அவருக்கு உறைத்தபோது கடைசி பிஸ்கட்டும் போய்விட்டிருந்தது. காகிதத்தை மட்டும் கவலையோடு வாங்கிக் குப்பையில் போட்டார்.

நான் கடைசிக் கொண்டை ஊசி வளைவில் கொடி பிடித்து நின்றேன். பல் டாக்டர் முன்பே ஏறி முடித்து, கோட்டுக்கு அப்பால் பற்களோடு காத்திருந்தார். அத்தானின் கார் வந்தது பாருங்கள், அப்படி அது வந்து நான் பார்த்ததே இல்லை. வளைவுகளில் வாலைச் சுழற்றிக்கொண்டு, கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு வந்தது. பைத்தியக்காரத்தனம் என்று நான் கேலி செய்ததெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதே என்று வாயைப் பிளந்தேன்.

என் வளைவின் முடிவில் இன்ஜின் இருமியது. இன்னொருமுறை இருமிவிட்டு அடங்கியது.

அதற்குமேல் சாலை சமதரை. கோடு கண்ணெதிரே தெரிந்தது. அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இருக்கு. உள்ள பெட்ரோல் இருக்கு. ஓரமா ஒதுங்கிடுச்சு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சையில் பேனா எழுதாமல் போன பிள்ளையின் முகம் அது. அக்கா சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், கடல் அவள் மடியில் வந்து விழுந்துவிடும். அவள் கோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கதவைத் திறந்து இறங்கினாள்.

"இறங்குங்க. தள்ளலாம்."

"உன் கடல்?"

"அது எங்கயும் ஓடிடாது. நீங்கதான் அடுத்த வருஷம் வரைக்கும் தூங்க மாட்டீங்க."

தள்ளினார்கள். வேறு எந்தக் காராக இருந்தாலும் அந்த இரண்டு பேருக்கு அசைந்திருக்காது. கால்மிதி இல்லாத, ஸ்டெப்னி இல்லாத, பின்சீட் இல்லாத அந்த வண்டி தள்ளுவண்டி போல உருண்டது. நான் கொடியை மறந்துவிட்டுக் கத்தினேன். மயிரிழை வித்தியாசத்தில் அத்தான் ஜெயித்தார். பல் டாக்டர் அன்று உதட்டோடு சிரித்தார். கோப்பை நல்ல கனம்; காரில் ஏற்ற மாட்டேன் என்று அத்தான் அதை என்னிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பினார். அக்கா கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண் அவள். எனக்குத்தான் அவளுக்காக வயிற்றெரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை அத்தான் என்னை வரச் சொன்னார். பின்சீட்டைத் துடைத்து மாட்டியிருந்தார். அக்காவும் நானும் சட்டென்று ஏறி உட்கார்ந்தோம். ஏன் என்று கேட்டால் கலைந்துவிடுமோ என்ற பயம். பங்குக்குப் போனோம். அங்கிருந்தவர் வழக்கம்போல, "ஒரு லிட்டரா சார், ஒன்றரையா?" என்றார்.

"ரொப்புங்க" என்றார் அத்தான். "ஃபுல்லா."

பங்க்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா மூச்சுவிடாமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மீட்டரில் எண்கள் ஓட ஆரம்பித்தன. அத்தான் காரின் பின்னால் போய் நின்றார். டேங்க் நிறைய நிறைய, கார் வாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துவதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், பிறகு குனிந்து, பம்பருக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.