தாமோதரன் எழுந்து நின்ற ஞாயிறு

இரும்புலியூர் தாமோதரனின் வாழ்க்கை வரலாற்றை எழுத இதுவரை யாரும் முன்வரவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. வலது முழங்காலில் வலி. அப்பா காலத்து நிலம் சாலைக்கும் பைபாஸுக்கும் போனதுபோக மிஞ்சியதில் ஒரு வீடு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் ஸ்டோர் கீப்பர் உத்தியோகம்.

அந்த ஸ்டோரில் அவர் ஒருநாளும் 'இல்லை' என்று சொன்னதில்லை. எந்த உதிரிபாகத்தைக் கேட்டாலும், "இருக்கு, தேடணும்" என்பார். சில போல்ட்டுகளை ஒன்பது மாதம் தேடியிருக்கிறார். கேட்டவர் ஓய்வு பெற்றுப் போனபிறகும் தேடல் நிற்கவில்லை. இந்தப் பண்பை மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு நடந்தவை எளிதாக விளங்கும்.

எங்கள் மன்றத்தின் பெயர் 'அரிய திரையிசை அன்பர்கள்'. இரும்புலியூர்ப் பூங்காவில் வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சுதான் தலைமை அலுவலகம், கிளை அலுவலகம் இரண்டும். ஞாயிறு காலை ஆறரைக்குக் கூடுவோம். உறுப்பினர்கள் நால்வர். தாமோதரன், அவருடன் பள்ளியில் படித்து இப்போது தாம்பரத்தில் ஒரு தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் டெனிஸ், தொலைபேசித் துறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற புஷ்பலதா, நான்காவது நான். பெஞ்சு நீளத்துக்கு ஐந்தாம் ஆளைச் சேர்க்க இயலாது என்பதால் மன்றத்தை விரிவுபடுத்தும் திட்டம் கைவிடப்பட்டது.

பதினொரு வருஷத்துக்கு முன் நாங்களே விவாதித்து ஒரு சட்டம் இயற்றினோம். ஒருவர் ஒரு பாட்டைப் பரிந்துரைத்துப் பல்லவியைச் சொல்வார். அதைக் கேட்டிராதவர் எழுந்து நின்று, "கேட்டதில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடனே பாட்டு ஒலிபரப்பாகும். முடியும்வரை அவர் நின்றபடியே கேட்க வேண்டும். எல்லோரும் ஏற்கெனவே கேட்டதென்றால் பாட்டு போடுவது கிடையாது, அடுத்ததுக்குப் போய்விடுவோம். கேட்ட பாட்டையே போட்டுக்கொண்டிருக்க நாங்கள் என்ன டீக்கடையா?

அருமையான சட்டம். முதல் வருஷம் நிறைய நின்றோம், நிறையக் கேட்டோம். தாமோதரன் மட்டும் எழுந்திருக்கவில்லை. எந்தப் பாட்டைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு, "கேட்டிருக்கேன்" என்பார். போதாததற்கு, "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு புல்லாங்குழல் வரும் பாருங்க" என்று சேர்த்துக்கொள்வார். அந்தக் காலத்துப் பாட்டில் புல்லாங்குழல் வராமல் எங்கே போகும்?

அவருடைய புகழ் பூங்காவைத் தாண்டிப் பரவியது. 'தாமோதரனுக்குத் தெரியாத பாட்டு' என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதே புஷ்பலதாவின் ஓய்வுக்கால லட்சியம் ஆயிற்று. நாளாக நாளாக எங்களுக்கும் எழுந்து நிற்பது கௌரவக் குறைச்சலாகத் தோன்ற ஆரம்பித்தது. டெனிஸ், "ஆமா மச்சான், அந்தப் புல்லாங்குழலுக்கு முன்னாடி வயலின்கூட வரும்ல" என்று கூடச் சேர்ந்துகொள்வார். நானும் தலையாட்டுவேன். ஒருகட்டத்தில் யாருமே எழுந்திருக்காததால் மன்றத்தில் ஆறேழு மாதம் ஒரு பாட்டுகூட ஒலிக்கவில்லை. நால்வரும் கண்ணை மூடி உட்கார்ந்து "கேட்டிருக்கேன், கேட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெண்மணி இது என்ன தியானம், கட்டணம் உண்டா என்று விசாரித்துப் போனார்.

பூங்கா வாசலில் ஞாயிறுதோறும் மீன் விற்பவர் பொன்னி. கோவளத்திலிருந்து விடிகாலையில் கூடையோடு வந்துவிடுவார். குழாயில் தண்ணீர் பிடிக்க உள்ளே வரும்போதெல்லாம் எங்கள் பெஞ்சருகே நின்று கேட்பார்.

"இன்னா சார், பாட்டு கிளப்பு பாட்டு கிளப்புன்றீங்கோ, ஒரு பாட்டுகூட காதுல வுழல?"

"எல்லாம் கேட்ட பாட்டும்மா" என்பார் டெனிஸ்.

"கேட்டா இன்னா? நேத்து துன்னோம்னு இன்னிக்கு துன்னாம கீறோமா?"

டெனிஸ் அவசரமாக அடுத்த பல்லவியைச் சொல்லத் தொடங்குவார்.

இனி ரகசியத்துக்கு வருகிறேன். தாமோதரனுக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. முப்பத்தொன்பது வருஷமாகத் தேவைப்பட்டது.

எண்பத்தாறாம் வருஷம் அவருக்குப் பத்தொன்பது வயது. டிப்ளமா பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி மொட்டைமாடியில் படுத்திருந்தார். எதிர்வீட்டில் கல்யாணம். தென்னைமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் சரியாக அவர் தலைமாட்டைப் பார்த்து வாய் பிளந்திருந்தது. அதில் ஒரு பாட்டு வந்தது. 'ஈரக் கூந்தல ஒணத்துனது யாரு, எதிர்க் காத்தா, எட்டு மணி ரயிலா' என்று ஒரு பெண்குரல். எட்டு மணி ரயிலில் தினமும் கிண்டிவரை போய்வந்த தாமோதரன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெட்டியில் ஜன்னலோரம் கூந்தலை உலர்த்திக்கொண்டு வந்தவர்களை அவரும் கவனித்திருந்தார். பொதுவாகத்தான், குறிப்பாக யாரையும் இல்லை என்று இன்றும் வலியுறுத்துகிறார். பல்லவி போயிற்று, முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணம் 'அ' என்று தொடங்கிய இடத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மைக்கைப் பிடுங்கி, "பந்தி ரெடி. மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரம் வரவும். ரெண்டாம் பந்திக்கு வடை கிடையாது" என்று அறிவித்தார். அறிவிப்பு முடிந்தபோது வேறு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சவுண்டு சர்வீஸ்காரரைத் தேடினார். ஊரப்பாக்கத்தில் ஒரு காதுகுத்து என்றார்கள். சைக்கிளில் ஊரப்பாக்கம் போனார். அங்கே முடித்துவிட்டுச் சிங்கப்பெருமாள் கோவிலில் இன்னொரு கல்யாணத்துக்குப் போய்விட்டதாகத் தகவல். அங்கேயும் மிதித்தார். சவுண்டு சர்வீஸ்காரர் கேசட்டை எடுத்துக் காட்டினார். மேலே பேனாவால் 'கல்யாணம் - 3' என்று எழுதியிருந்தது. அந்தப் பாட்டு இருந்த இடத்தில் இதற்குள் நாதஸ்வரம் பதிவாகியிருந்தது.

"பாட்டு என்ன படம்ணா?" என்று தாமோதரன் கேட்டார்.

"தம்பி, வர்ற பாட்டுக்கெல்லாம் ஜாதகம் பாத்தா நான் லைட்டு கட்டுறதா வேணாவா?"

அந்தக் கேள்வியோடு விசாரணை முடிந்தது. இணையம் வந்தபின் மறுபடி தொடங்கினார். 'ஈரக் கூந்தல்' என்று தேடினால் சீயக்காய் வந்தது. 'எட்டு மணி ரயில்' என்று தேடினால் எட்டு மணி ரயில் வந்தது. மன்றத்தில் கேட்டிருக்கலாம். புஷ்பலதாவிடம் நாலாயிரம் பாட்டு இருக்கிறது. ஆனால் கேட்பதென்றால் தெரியாது என்று ஆகிவிடும். பதினொரு வருஷம் உட்கார்ந்த மனிதர் அதை எப்படிக் கேட்பார்? "இருக்கு, தேடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இடைப்பட்ட காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. அந்த 'அ'விலிருந்து மீதிச் சரணத்தை அவரே மெட்டுப் போட்டு முணுமுணுத்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் மனைவி கீதாவுக்கு அதைப் பாடிக் காட்டினார். இரண்டு பெண்களும் அதைக் கேட்டுத்தான் தூங்கினார்கள். பாட்டின் ஒரு பாதி இவருடைய சரக்கு என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிறு. புஷ்பலதா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார்.

"பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைல பழைய கேசட் ஒண்ணு கிடைச்சுது. பாட்டு மட்டும் வெளிவந்து, படம் ரிலீஸே ஆகலை. 'வாசலில் ஒரு வண்டிச் சத்தம்'னு டைட்டில். எங்க வீட்டு டேப் ரெக்கார்டர்ல போட்டு போன்ல பிடிச்சு வெச்சிருக்கேன். பல்லவி சொல்லட்டுமா?"

"சொல்லுங்க மேடம்" என்றார் டெனிஸ்.

"'ஈரக் கூந்தல ஒணத்துனது யாரு, எதிர்க் காத்தா, எட்டு மணி ரயிலா.'"

"கேட்டிருக்கேன்" என்றார் தாமோதரன்.

பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிமுடித்த பிறகுதான் காதில் விழுந்த வார்த்தைகள் மூளைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குள் டெனிஸ், "நானும் கேட்டிருக்கேன்" என்றார். என்னுடைய "நானும்" அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

"இதுவுமா?" புஷ்பலதாவின் குரல் சோர்ந்துவிட்டது. "சரி, விடுங்க. அடுத்தது யாரு?"

போன் கைப்பைக்குள் போயிற்று. ஜிப்பை இழுத்து மூடினார். முப்பத்தொன்பது வருஷம் அந்தப் பைக்குள் இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் தாமோதரன்.

"சொல்லுங்க சார்."

"பாதிதான் கேட்டிருக்கேன்."

மன்ற வரலாற்றில் இப்படி ஒரு வழக்கு வந்ததே இல்லை. டெனிஸ் சட்டத்தைக் கையில் எடுத்தார். "பாதி கேட்டா பாதி நேரம் நின்னாப் போதும் மச்சான்."

"முதல் பாதியா, ரெண்டாவது பாதியா?" என்று நான் நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினேன்.

"அதெல்லாம் கிடையாது" என்றார் புஷ்பலதா. முப்பது ஆபரேட்டர்களை மேய்த்த குரல். "கேட்டிருந்தா உக்காருங்க. கேக்கலைன்னா எழுந்திருங்க சார். நடுவுல ஒண்ணும் இல்ல."

தாமோதரன் பெஞ்சைப் பார்த்தார். குழாயடியைப் பார்த்தார். புஷ்பலதாவின் பையைப் பார்த்தார். பிறகு வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தார். முட்டி 'டொக்' என்றது. வாசலில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்த பொன்னிகூடக் கத்தியை நிறுத்திவிட்டார்.

"கேட்டதில்லை" என்றார்.

புஷ்பலதா பதினொரு வருஷமாகக் காத்திருந்த வெற்றி. ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஜிப்பைத் திறந்து, போனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் எடுத்து இணைத்து, பெஞ்சின் நடுவில் வைத்தார்.

பாட்டு ஆரம்பித்தது. கேசட்டின் இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் குரல். பல்லவி முடிவதற்குள் டெனிஸ் காலடியில் எதையோ தேடுவதுபோல எழுந்து, எழுந்தவர் எழுந்தபடியே நின்றுவிட்டார். "இதை நானும் கேட்டதில்லைடா" என்று முணுமுணுத்தார். அதன்பிறகு நான் மட்டும் உட்கார்ந்திருப்பது நன்றாக இருக்காது. தண்ணீர் பிடிக்க வந்த பொன்னி பெஞ்சில் காலியான இடத்தைப் பார்த்து, "தோ, ஒரு நிமிட்டு குந்திக்கறேன்க்கா" என்று புஷ்பலதாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் சரணம் முடிந்தது. இடையிசை வந்தது. புல்லாங்குழல் வரவே இல்லை. அப்போது தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று முழுத் தொண்டையில் பாடிக்கொண்டு அது பூங்கா வாசலுக்கு வந்து நின்றது. தாமோதரன் கண்ணைத் திறந்தார். தாய்மாமன் திரும்பி வந்துவிட்டார்.

பொன்னி பெஞ்சிலிருந்தே கையை உயர்த்தினார். கையில் மீன் கத்தி இருந்ததை அவர் மறந்திருக்கலாம். "ஏய் வெண்ணிலா! அத்த ஆஃப் பண்ணு! பெர்சு இங்க பாட்டு கேட்டுகினு கீறாரு!"

வண்டியிலிருந்த பெண் கத்தியைப் பார்த்தாள். குப்பை மௌனமாயிற்று. 'அ' என்று தொடங்கியது இரண்டாவது சரணம்.

தாமோதரன் குனிந்து ஸ்பீக்கரின் மேல் காதை வைத்துக்கொண்டார். சரணம் முழுவதும் அப்படியே இருந்தார். பல்லவி திரும்பி வந்து, பாட்டு தேய்ந்து, வெறும் இரைச்சல் மட்டும் ஓடியது. அதையும் கேட்டார்.

"எப்படி சார்?" என்றார் புஷ்பலதா.

"சுமார்தான்" என்றார் தாமோதரன். "இன்னொரு வாட்டி போடுங்களேன்."

மன்றச் சட்டத்தில் இடமில்லாத கோரிக்கை. புஷ்பலதா நான்கு முறை போட்டார்.

அன்று அந்தப் பாட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்த மனைவிக்குப் போட்டுக் காட்டினார். கீதா மிக்ஸியை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"இது வேற யாரோ பாடினது போல இருக்கு."

"இல்லம்மா, இதான் ஒரிஜினல்."

"ரெண்டாவது சரணம் தப்பா பாடுறாங்க. அந்த எடத்துல மேல போகணும்ல? நீங்க பாடும்போது போவுமே" என்று கீதா அந்த இடத்தைப் பாடியே காட்டிவிட்டு, மிக்ஸியைப் போட்டுவிட்டார். தாமோதரன் சமையலறை வாசலில் நின்றபடியே அதைக் கேட்டார். எதையும் திருத்தவில்லை.

அடுத்த ஞாயிறு ஆறரை மணிக்கு நாங்கள் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தோம். தாமோதரன் உட்காரவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார்.

"உக்காருங்க சார், இன்னும் பாட்டுப் பேரையே சொல்லலையே" என்றார் புஷ்பலதா.

"கேட்டதில்லை" என்றார் தாமோதரன். "போடுங்க."