சல்லி இல்லாத ஆறு வீடுகள்

முதலாளித்துவத்தை ஒழிக்க என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் ஒழுங்கையில் கிடையாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டிய ஆண் மனைவியின் வீட்டுக்குத்தான் போவான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, கிணறும் கிணற்றடியில் கிடக்கும் வாளியும் அவளுடையவை. அவள் உடுப்புத் தைக்கிற மெசினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் பங்குக்கு ஒரு பழைய சைக்கிளும், கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞராகக் கதிரையைத் தேய்த்ததற்கான பென்சனும் இருந்தன. உலகத்தில் தனிச்சொத்தே இருக்கக்கூடாது என்று நாளைக்குச் சட்டம் வந்தால் எனக்குப் போவது அந்தச் சைக்கிள். அதில் பின்சில்லு ஏற்கெனவே இல்லை.

யோசனை பிறந்தது ஒரு கலியாணச் சாப்பாட்டில். நாடே வரிசையில் நின்ற காலம் அது. பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை. காலையில் ஒரு விலை, அஸர் தொழுதுவிட்டு வந்தால் வேறு விலை. அப்படியான ஒரு பகலில் எங்கள் ஒழுங்கை ஆண்கள் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆறு பேருக்கும் ஒரே தட்டு, ஒரே சோற்றுக் குவியல். யாரும் அளக்கவில்லை. மீன்காரர் தன் பக்கம் இருந்த கோழித் துண்டை வயல்காரர் பக்கம் தள்ளினார். வயல்காரர் அதில் பாதியைப் பிய்த்து மேசனுக்கு வைத்தார். பேக்கரிக்காரரும் ஆட்டோக்காரரும் கத்தரிக்காயை ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்குள் மின்சாரம் வந்தது. நாட்டில் இல்லாதது எனக்குள் வந்தது.

"நம்மட ஆறு வீடும் இப்பிடியே இரிந்தா என்ன?" என்றேன். "மீன் உள்ளவன் மீனக் குடுக்கட்டும், அரிசி உள்ளவன் அரிசியக் குடுக்கட்டும். சல்லியே வேணாம். கணக்கும் வேணாம்."

ஐந்து பேர் வாயிலும் சோறு. ஒருவரும் பதில் சொல்லவில்லை. நிக்காஹ்வில் மணப்பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாக எடுப்பதில்லையா? நான் ஐந்து மீசைக்காரர்களின் மௌனத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆச்சரியம் என்னவென்றால், மறுநாளே அது நடக்கத் தொடங்கியது. காலையில் மீன்காரர் ஒரு கோர்வை மீனைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தார். வயல்காரர் வரிப்பத்தான்சேனைப் பக்கத்து வயல் அரிசியில் ஒரு பை இறக்கினார். பேக்கரியில் இருந்து பாண் வந்தது. மேசன் கிணற்றுக்கட்டைப் பூசினார். மனைவி அவருடைய மகளுக்குப் பெருநாள் உடுப்புத் தைத்தாள். என் கண்ணுக்கு முன்னால் ஒரு சதம்கூடக் கை மாறவில்லை. நான் முற்றத்தில் கதிரையைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு புதிய உலகத்தின் ஸ்தாபகர் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்கார்ந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதிரையில் உட்காருவது கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. எல்லாரிடமும் வாங்குகிறேன், நான் என்ன கொடுப்பது? எனக்குத் தெரிந்தது பெட்டிசன் எழுதுவது மட்டும். வீடு வீடாகச் சொல்லிவைத்தேன். ஒரே ஒரு ஓடர் கிடைத்தது.

"மச்சான், பூனையொண்டு வந்து மீனத் தூக்கிட்டுப் போகுது," என்றார் மீன்காரர். "அதுக்கொரு பெட்டிசன் எழுதித் தாங்க."

"ஆருக்கு எழுதுற?"

"பூனைக்குத்தான். உங்கட எழுத்தக் கண்டா பயந்து ஓடிரும்."

எழுதினேன். விடயம், இலக்கம், பிரதி எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கம். பூனை ஓடவில்லை. ஒரு பெட்டிசனுக்கு உடனே நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பது அதற்கும் தெரிந்திருந்தது.

பத்தாம் நாள் மனைவி மெசினில் இருந்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தாள். "இஞ்ச பாருங்க, உங்கட பங்குக்கும் நான்தான் தைக்கிறன்."

அது சுட்டது. ஆறு வீட்டுச் சமூகத்தில் சும்மா இருந்து தின்கிற ஒரே ஆள், அதை உண்டாக்கிய நான்.

அந்த நேரத்தில்தான் அல்லாஹ் எனக்கு வழி காட்டினான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள் இருக்க, ஆறு வீட்டிலும் கேஸ் முடிந்தது. ஒரு கரண்ட் பில்லைக் காட்டினால் ஒரு சிலிண்டர் கொடுக்கிறார்கள், நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும் என்றார்கள். மற்ற ஐந்து பேருக்கும் தொழில் இருந்தது.

"ஆறு வீட்டுக்கும் நான் நிக்கிறன்," என்றேன்.

"கந்தோர்ல இரிக்கத்தானே பழகின நீங்க?" என்றார் பேக்கரிக்காரர். "நிக்க ஏலுமா?"

மறுநாள் விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு புறப்பட்டோம். ஆட்டோவில் பெற்றோல் இல்லை. ஆறு வெறும் சிலிண்டரையும் ஏற்றி நாங்கள் ஐந்து பேர் பின்னால் தள்ள, ஆட்டோக்காரர் உள்ளே இருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார். கடை வாசலில் என்னையும் சிலிண்டர்களையும் இறக்கிவிட்டுப் போனார்கள். மனம் நிறைந்திருந்தது. ஆறு வீட்டுப் பெருநாள் சமையல் என் இரண்டு காலில் நின்றது.

எனக்குப் பின்னால் காரைதீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நின்றார். சல்லி இல்லாத வாழ்க்கையைப் பற்றி அவருக்கு மூன்று மணித்தியாலம் விளக்கினேன். இடத்தை விட்டுப் போக முடியாததால் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் பத்துப் பேர் இருந்தபோது தன் பையைத் திறந்து நோட்டுகளை எடுத்தார்.

"நானா, ஆயிரம் மாத்த இரிக்கா?"

என் கை சேர்ட் பைக்குப் போனது. உள்ளே ஆறு கரண்ட் பில் இருந்தன. வேறு எதுவும் இல்லை.

"சேர்," என்றேன், "சல்லி கொண்டுவரல்ல."

"ஒரு சதமும்?"

"கொள்கை."

"இவ்வளவு நேரமும் சொன்னீங்களே, அதுவா?"

"ஓம்."

"நல்ல கொள்கைதான்," என்றார் அவர். "கொஞ்சம் தள்ளி நிண்டு கடைப்பிடியுங்க. பின்னால ஆக்கள் நிக்கிது."

வீட்டுக்குப் போன் எடுத்துச் சல்லி கேட்டால் என் சமூகத்தை என் வாயாலேயே மௌத்தாக்கிப் புதைத்ததாகும். கேட்காவிட்டால் பெருநாளன்று ஆறு அடுப்பும் குளிர்ந்து கிடக்கும். இரண்டு முறை போனை எடுத்துத் திருப்பி வைத்தேன். மூன்றாம் முறை கொள்கையைக் கைவிட்டு அழைத்தேன். மனைவி எடுக்கவில்லை. மெசின் ஓடினால் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. கொள்கையைக் கைவிட்டதுதான் மிச்சம்.

என் முறை வந்தது. கடைக்காரத் தம்பி கையை நீட்டினார். நான் தொண்டையைச் செருமினேன்.

"தம்பி, இந்தச் சல்லி எண்டது மனிசன் உண்டாக்கின ஒரு சாமான்…"

"பில்லத் தாங்க காக்கா."

"தாறன். அதுக்கு முன்னால, உங்களுக்கு ஏதும் பெட்டிசன் எழுத இரிந்தா…"

"உங்கட ஆறு சிலிண்டருக்கும் சல்லி கட்டியாச்சி. மீன்கார நானா நேத்தே வந்து கட்டிட்டார். உங்களுக்கிட்ட சொல்ல வேணாமெண்டும் சொன்னார்." தம்பி நாக்கைக் கடித்தார். "நான் சொல்லிட்டன் போல."

காரைதீவு ஆசிரியர் சிரித்த சிரிப்பில் வரிசை இரண்டு அடி பின்னால் போனது. பிறகு அவர்தான் சிலிண்டர்களை உருட்ட உதவினார்.

பின்னேரம் ஐந்து பேரும் திரும்பி வந்தார்கள். ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் படலையடியிலேயே கேட்டேன். "எப்ப இரிந்து இது?"

"முதல் நாள்ல இரிந்து," என்றார் மீன்காரர். "படகுக்காரனுக்கு நான் சல்லி குடுக்கணும் மச்சான். உங்கட கொள்கைய அவனுக்குச் சொல்லிப் பாத்தன். தராசால அடிக்க வந்தான்."

விசயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஐந்து வீடும் என் மனைவியும் தங்களுக்குள் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள், நான் தொழப் பள்ளிக்குப் போகும் நேரமாகப் பார்த்து. சல்லி இல்லாத சமூகத்தின் சனத்தொகை ஒன்று.

"என்னத்துக்குப் புள்ள எனக்கு மறைச்ச?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"பென்சன் எடுத்த பொறகு இப்பதானே நீங்க வெள்ளென எழும்புறீங்க," என்றாள்.

மீன்காரர் ஒரு நோட்டை நீட்டினார். "இந்தாங்க மச்சான், எல்லாரும் சேத்த. கியூல நிண்ட கூலி."

பார்த்தேன். அதை வாங்கினால் அந்த ஒற்றைக் குடிமகனும் போய்விடுவான். "வேணாம்," என்றேன். இன்னொரு தரம் கேட்பார் என்று நினைத்தேன். நோட்டு அவருடைய மடிக்குள் போன வேகத்தில் கையே தெரியவில்லை.

"நாளைக்கு மண்ணெண்ணெய்க் கியூவாம்," என்றார் மேசன், எங்கோ பார்த்துக்கொண்டு. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒழுங்கையில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"போறன்," என்றேன்.

விடிந்ததும் ஆறு மண்ணெண்ணெய்க் கானும் வாசலில் வரிசையாக இருந்தன. மனைவி என்னை மெசினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆறு வீட்டுக் காசையும் கடதாசியில் சுற்றிச் சேர்ட் பைக்குள் வைத்தாள். பிறகு ஊசியை எடுத்துப் பையின் வாயை நாலு தையல் போட்டு மூடினாள்.

"கடைக்காரனுக்கிட்டச் சொல்லுங்க, அவனே வெட்டி எடுக்கட்டும்," என்றாள். "நீங்க சல்லியத் தொட வேணாம்."