அருணகிரி ஜெர்மன் படித்த காரணம்

சூரமங்கலம் அருணகிரி அறுபத்து மூன்றாம் வயதில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்ததற்கு, மகன் மேல் வந்த சந்தேகமே காரணம். மகன் நந்தகுமார் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஆறு வயது மகள் மாயாவுக்குத் தமிழ் வராது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பிள்ளை இரண்டு நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசும். "நல்லா இருக்கீங்களான்னு கேக்கறா" என்பான் நந்தகுமார். வாராவாரம் அதே மூன்று சொல். பேத்தியின் பேச்சில் முக்கால்வாசியை இவன் விழுங்குகிறான் என்று அருணகிரி முடிவு கட்டினார்.

வகுப்பில் ஜெர்மனி போகக் காத்திருந்த நர்ஸ்கள் பதினொரு பேர், பன்னிரண்டாவது இவர். ஆசிரியை யுவஸ்ரீ ஒருநாள் நேரத்துக்கான சொல்லைப் போர்டில் எழுதினாள்: த்ஸைட். பழைய வேருக்கு வெட்டிப் பிரிப்பது என்று பொருளாம். யுகமும் அதுதான், இலக்கணத்தில் வரும் காலமும் அதுதான். கடல் ஏறி வடிவதற்குக்கூட அதிலிருந்துதான் பெயர்.

"அட, சந்தையில தக்காளியக் கூறு போடற மாதிரிங்க," என்றார் அருணகிரி.

நர்ஸ்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருடம் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு மணிக்கணக்கில் ஒதுங்கி நிற்பதே உத்தியோகம். நந்தகுமார் பிறந்தபோதும் எங்கோ அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

மகனிடம் இதைப் பற்றி மூச்சு விடாமல் நான்கு மாதம் படித்தார். அடுத்து வந்த ஞாயிறு மாயா திரைக்கு வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டார். பிள்ளை அப்பனைப் பார்த்து, "இஷ் ஹாபே கைனெ த்ஸைட்" என்றது. எனக்கு நேரமில்லை. இந்தத் தாத்தாவோடு எதற்கு வாராவாரம் பேச வேண்டும் என்றும் கேட்டது. எல்லாம் புரிந்தது, யுவஸ்ரீ நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாப்பா," என்றான் நந்தகுமார், தலையைக் குனிந்தபடி.

இத்தனை ஞாயிறும் இதை இவன் ஒருத்தனாகவே சுமந்திருக்கிறான் என்று அருணகிரிக்கு மகனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பக்கத்தில் இருந்த மனைவி சௌந்திரம் விடவில்லை. "ஏனுங்க, நாலு மாசமா அந்த பாசை படிச்சீங்களே. புள்ள நெசமா என்னங்க சொல்லுது?"

நந்தகுமார் சட்டென்று நிமிர்ந்தான். முகம் வெளுத்துவிட்டது.

அருணகிரி அவனையே பார்த்தார்.

"அவஞ் சொன்னதேதான், சௌந்திரம். நல்லா இருக்கீங்களான்னு கேக்குது."