தோத்தாத்ரி கார் ஓட்டுகிறார்

வைத்தீஸ்வரன் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. பெருங்களத்தூர் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் முப்பத்தோரு வருடமாக இயற்பியல் நடத்துகிறார். உராய்வு பாடத்தில் அவர் வழக்கமாகச் சொல்லும் ஜோக் ஒன்று உண்டு. முதல் பத்து வருடம் வகுப்பே சிரித்தது. அடுத்த பத்து வருடம் முதல் பெஞ்சு மட்டும் சிரித்தது. இப்போதெல்லாம் அவர் சொல்லி முடித்ததும், "சார், அட்டெண்டன்ஸ்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். அவருக்கு அதில் கோபமும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவனுக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும் என்கிற அளவுக்குத்தான் அவரிடம் தெம்பு மிச்சமிருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி அபிதகுஜாம்பாள் பாதியிலேயே, "இது போன மாசம் சொன்னதுங்க" என்பாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

அவர் பேச்சைக் கேட்டு இன்னும் சிரிக்கிற ஆள் ஒருவர்தான் பாக்கி. ஹிதாயத்துல்லா. கிழக்குத் தாம்பரத்தில் இரண்டு தெரு தள்ளி ப்ளைவுட் கடை வைத்திருக்கிறார். பதினான்கு வருடமாகக் காலை ஐந்தரைக்கு இருவரும் சேர்ந்து நடப்பார்கள். முடிவில் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் ஆளுக்கொரு டீ. வைத்தீஸ்வரன் எதையாவது சொல்ல, ஹிதாயத்துல்லா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரிப்பார். கல்லூரிக்குப் போவதற்கு முன்பு வைத்தீஸ்வரனுக்கு வேண்டியிருந்தது அந்தச் சிரிப்புதான்.

அது போதாதென்று பத்திரிகையும் வந்து சேர்ந்தது. சனிக்கிழமைதோறும் வீட்டு கேட்டுக்குள் இலவசமாக வீசிவிட்டுப் போகும் எட்டுப் பக்க வட்டாரப் பத்திரிகை. ரியல் எஸ்டேட் விளம்பரங்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது என்று அதன் ஆசிரியர் மெர்வின் கேட்டார். இரண்டு வருடமாக வைத்தீஸ்வரன் அந்த இடத்தில் மனிதர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். லிஃப்ட்டுக்குள் செல்போனைப் பார்ப்பதுபோல் நடிப்பவர்கள், முதல் நாள் மட்டும் யோகா வகுப்புக்குப் போகிறவர்கள். அவருக்கு ஒரே ஒரு விதி. பெயரை மாற்றிவிடுவார். பெயரை மாற்றிவிட்டால் ஆளே மாறிவிடுவதாக அவருக்கு நம்பிக்கை. ஒரு கணக்கில் எக்ஸ் என்று போட்டாலும் ஒய் என்று போட்டாலும் விடை ஒன்றுதான் என்று தினமும் போர்டில் எழுதுகிறவர் அவர்.

ஜூலை மாதம் எழுத ஒன்றும் அகப்படவில்லை. விடைத்தாள் திருத்தி முடித்த அலுப்பு வேறு. வியாழக்கிழமை மெர்வின் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். கையில் இருந்தது ஹிதாயத்துல்லாவின் கதைதான்.

ஐம்பத்தெட்டு வயதில் ஹிதாயத்துல்லா கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். மகள் மாஹிரா பள்ளிக்கரணையில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் மகன் ஜைத் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஜைத்தோ எப்போது கேட்டாலும் நாளைக்கு என்பான். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கியாயிற்று. தைரியம்தான் வரவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது, வாரத்தில் இரண்டு நாள், நடைக்கு முன்னால் பழைய வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றுவார். கிளப்பும் முன் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்வார்: "கிளட்ச், கியர், கண்ணாடி, பிஸ்மில்லாஹ்." இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் வைத்தீஸ்வரன்.

கட்டுரையில் அவர் ஹிதாயத்துல்லாவைத் தோத்தாத்ரி ஆக்கினார். பிஸ்மில்லாஹ்வை நாராயணா என்று மாற்றினார். கார் வரும் வேகத்தைப் பார்த்துத் தெருநாய் ஒன்று எழுந்து நின்று, யோசித்து, மறுபடியும் அதே இடத்தில் படுத்துக்கொண்டதாக எழுதினார். எழுதும்போது அவரே சிரித்தார். வெள்ளைக் கார் வெள்ளைக் காராகவே இருந்தது. ப்ளைவுட் கடை ப்ளைவுட் கடையாகவே இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குள் அந்தப் பக்கம் போட்டோவாக எல்லா வாட்ஸாப் குரூப்பிலும் சுற்றியது. கேம்ப் ரோடு மருந்துக்கடைக்காரர் வைத்தீஸ்வரனை நிறுத்தி, "சார், நம்ம ஏரியால ப்ளைவுட் கடை வெச்சிருக்கற தோத்தாத்ரி யாரு சார்?" என்று கேட்டுவிட்டு, கடைப்பையன்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு ஹிதாயத்துல்லா வரவில்லை. திங்கள், செவ்வாயும் வரவில்லை. வைத்தீஸ்வரன் தனியாக நடந்து, தனியாக டீ குடித்தார். டீக்கடைக்காரர் வழக்கம்போல இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தார்.

"போய்ப் பேசிட்டு வாங்க," என்றாள் அபிதகுஜாம்பாள்.

"பேரத்தான் மாத்திட்டேனே."

"என்னப் பத்தி எழுதறப்போ சுலோச்சனான்னு எழுதுவீங்க. எதிர்வீட்ல 'சுலோச்சனா மாமி, மிக்ஸி சரியாச்சா'ன்னு கேக்கறாங்க. நான் சொன்னேனா உங்ககிட்ட?"

அவள் சொன்னதில்லை. அன்று கல்லூரியில் உராய்வுப் பாடம். அவர் ஜோக்கைச் சொல்லவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனார். ஹிதாயத்துல்லா யாருக்கோ லாமினேட் ஷீட் காட்டிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் போகும்வரை வைத்தீஸ்வரன் நின்றார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"பாய், தப்புதான்."

"தப்புல்லாம் இன்னா சார். நல்லாத்தான் எழுதிக்கீறீங்க. நானே ரெண்டு எடத்துல சிரிச்சேன்." ஹிதாயத்துல்லா ஷீட்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். "ஜைத்து சாவிய எடுத்து பீரோல பூட்டிட்டான். அத்தா, ஊரே சிரிக்குதுன்றான். அவன் சின்னப் பையன், அத வுடுங்க. நாய் படுத்துக்கினதுன்னு உங்ககிட்ட மட்டும்தான சொன்னேன். வூட்ல எம் பொஞ்சாதி பஷீராகிட்டகூடச் சொல்லல."

முப்பத்தோரு வருடமாகப் பேசியே சம்பாதித்தவர், ப்ளைவுட் தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாவி கேட்டுப் பாத்தீங்களா?" என்றார் கடைசியில்.

"கூட யாராவது உக்காந்தா குடுக்கறேன்றான். யாரு உக்காருவா? உசுரு மேல ஆசை இல்லாதவந்தான் உக்காரணும்."

"நான் உக்காரறேன்."

ஹிதாயத்துல்லா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. பிரேக் ஏன் பிடிக்குதுன்னு தெரியும்."

ஹிதாயத்துல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. வைத்தீஸ்வரன் முன்சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டினார். ஹிதாயத்துல்லா எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அதைப் பார்த்தபோதுதான் தான் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று வைத்தீஸ்வரனுக்கு விளங்கியது.

மாஹிரா வீட்டுக்குப் போகும் வழியில் சேலையூர் தாண்டினார்கள். மேடவாக்கம் சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. மறுபடியும் அணைந்தது. பைக்கில் வந்த ஒருவன் பக்கத்தில் நின்று, "இன்னா பெருசு, வூட்லயே இருக்கலாம்ல," என்று சொல்லிவிட்டுப் போனான். ஹிதாயத்துல்லா சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"இறங்கிடலாம் சார். ஜைத்துக்கு போன் போடுங்க."

வைத்தீஸ்வரன் போனை எடுக்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில், "கிளட்ச்," என்றார்.

ஹிதாயத்துல்லா அவரைப் பார்த்தார். மிதித்தார்.

"கியர்."

போட்டார்.

"கண்ணாடி."

லாரிக்காரன் இப்போது தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தான். வைத்தீஸ்வரன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நான்காவது வார்த்தை அவருடையது அல்ல. காத்திருந்தார்.

"பிஸ்மில்லாஹ்," என்றார் ஹிதாயத்துல்லா, சத்தமாகவே. சாவியைத் திருப்பினார். கார் நகர்ந்தது.

சதுப்பு நிலத்தின் ஓரமாக, மாஹிராவின் அபார்ட்மெண்ட் வாசலில், ஒரு ஸ்கூட்டருக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே கோணலாக வண்டியை நிறுத்தினார்கள். இருவரும் உடனே இறங்கவில்லை. வைத்தீஸ்வரனின் போன் அடித்தது. மெர்வின்.

"சார், அடுத்த வாரக் கட்டுரை? தோத்தாத்ரிக்குச் செம ரெஸ்பான்ஸ். ரெண்டாம் பாகம் போடலாமா?"

"இல்லப்பா. அவர் கதை அவ்ளோதான். கொசுவப் பத்தி எழுதறேன்," என்று போனை வைத்தார் வைத்தீஸ்வரன்.

ஹிதாயத்துல்லா பெல்ட்டைக் கழற்றினார். மேலே மகள் வீட்டு பால்கனியைப் பார்த்தார்.

"கொசுவோட பேரையும் மாத்திடுங்க சார்," என்றார். "பாவம், அதுக்கும் குடும்பம் கீது."