மல்லிகா எழுதிய இங்கிலீஷ்

நாம் போர்டில் எழுதுவது ஒன்று, பிள்ளைகளின் நோட்டில் வருவது வேறொன்று. இங்கிலீஷ் இலக்கணம் நடத்துவது அப்படிப்பட்ட உத்தியோகம். சிவப்புப் பேனாவோடு மல்லுக்கட்டும் சக ஆசிரியர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்.

ஒருமையில் அப்பா

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எனக்குப் பத்தாம் வகுப்பு. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் மல்லிகா. மற்ற பாடங்களில் கெட்டி. அரையாண்டில் இங்கிலீஷில் மட்டும் கோட் அடித்திருந்தாள். முழுப் பரீட்சையிலும் தேறாவிட்டால் சித்தியோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதென்று வீட்டில் முடிவு.

"மை ஃபாதர் ஆர் எ ஃபார்மர்" என்று எழுதியிருந்தாள். அப்பா ஒருவர்தானே, 'இஸ்' போடு என்றேன். மூன்று தடவை திருத்தியும் 'ஆர்' போகவில்லை. எனக்குக் கோபம் வந்து, ஏன் என்று கேட்டேன்.

"ஒருத்தருதாங்க மிஸ். ஆனா எங்கப்பாவ 'வந்தாங்க, போனாங்க'ன்னுதானே சொல்றோம். 'இஸ்' போட்டா 'வந்தான், போனான்'ங்கற மாதிரி இருக்குதுங்க."

விட்டுப்போன 'டு'

அந்தப் பதிலில் நான் கிறங்கிப்போனேன். ஆனால் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் கிறங்க மாட்டாரே! தினமும் மத்தியான இடைவேளையில் அவளுக்குத் தனியாகப் பாடம் வைத்தேன்.

ஒருநாள் வகுப்பில் 'இஃப் ஐ ஃபெயில்' என்று தொடங்கும் வாக்கியத்தை முடிக்கச் சொன்னேன். மற்றவர்கள் அழுவேன் என்று எழுதினார்கள். மல்லிகா எழுதியது: "இஃப் ஐ ஃபெயில், ஐ வில் கோ திருப்பூர்." 'டு' எங்கே என்று வட்டம் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான், அவள் எதை எழுதியிருக்கிறாள் என்பது உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. அவளோ கலங்காமல் திருத்திக்கொண்டு வந்து நோட்டை நீட்டினாள்.

"'டு' போட்டுட்டேங்க மிஸ். ஆனா போவ மாட்டேங்க."

எந்த 'வீ'?

ரிசல்ட் வந்த காலை, சிக்னல் கிடைக்கிற பாறைவரை ஏறிப்போய் எனக்கு போன் செய்தாள். மூச்சிரைக்க, "வீ பாஸ்டு மிஸ்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் வாத்தியார் புத்தி விடுமா? 'வீ' என்றால் யார் யார், ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லோருமா என்று விசாரித்தேன்.

"நாங்க இல்லீங்க மிஸ். நாம."

இந்த வருஷம் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்று யாராவது கேட்டால், என்னையும் ஓர் ஆளாகச் சேர்த்துத்தான் கணக்குச் சொல்கிறேன்.