‘சு’வில் ஒரு சாப்பாடு சொல்லு!

2005, 2006 வாக்கில் சவுதியில், அல் கோபாரில் ஒரு கட்டுமான கம்பெனிக்கு டிரைவராக இருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு ஜப்பான் இன்ஜினீயரைப் பாலைவனத்துக்குள் இருந்த சைட்டுக்குக் கூட்டிப்போவதுதான் என் டூட்டி. ஒன்றரை மணி நேரப் பயணம். வளைவு கிடையாது, மரம் கிடையாது. ரோட்டோரம் ஒட்டகம் நின்றால் அதுவே விசேஷம்.

மனுஷன் நல்லவர்தான். ஆனால் வண்டியில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவார். “பாய், இன்னைக்கு சு!” என்பார். அவர் ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டாம். ஒரே எழுத்தில் தொடங்கும் சாப்பாட்டுப் பெயர்களை மாறி மாறிச் சொல்ல வேண்டும். முதலில் திணறுகிறவர் டீ வாங்கித் தர வேண்டும். அவர் சுஷி என்றால் நான் சுண்டல் என்பேன். அவர் சுய்கா என்பார், தர்பூசணியாம். நான் சுக்குக் காப்பி என்பேன். அதோடு விட்டாரா? எப்படிச் செய்வது என்றும் சொல்ல வேண்டுமாம்! என் அரைகுறை இங்கிலீஷில் சுறாப்புட்டைச் செய்து முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். மீனை அவிக்கணும், தோலை உரிக்கணும், உதிர்க்கணும் என்று சொல்லி மூச்சு வாங்கினால், “அப்புறம்?” என்பார். அப்புறம் என்ன, என் தலையெழுத்து!

ரூமில் புலம்பினால் சிரிக்கிறார்கள். “அண்ணே, பேசாம ஓட்டல் வச்சிருங்க” என்று ஒருத்தன் கிண்டல் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாட்டுக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக ஓட்டக்கூட விடமாட்டேன் என்கிறாரே இந்த ஆள் என்று தினமும் திட்டுவேன்.

ஒருநாள் ரூம்மேட் லீவில் ஊருக்குக் கிளம்பினான். யாராவது ஊருக்குப் போனால் அன்றிரவு ரூமே தூங்காது. அட்டைப்பெட்டியில் சாமான் அடுக்கி, எடை பார்த்து, கூடினால் பிரித்து, மறுபடி கயிறு கட்டி, விடிந்துவிட்டது. அப்படியே டூட்டிக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ‘க’. கருவாடு, களி, கம்பங்கூழ் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கபோச்சா என்றார். பூசணிக்காய். அதற்கு நான் ‘இட்லி’ என்றேனாம். சொன்னதே எனக்குத் தெரியாது. என் கண் திறந்துதான் இருந்ததாம்.

“பாய்!” என்று ஒரு அலறல். பார்த்தால் ஸ்டீயரிங்கில் அவர் கை. வண்டி எதிர்ப்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஹாரனை அழுத்தியபடி ஒரு தண்ணீர் டேங்கர். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒடித்தோம். ஒரு சாண் இடைவெளியில் அது கடந்து போனது. ஓரமாக நிறுத்தினேன். 

டேங்கரைவிடப் பெரிய பயம் அடுத்து வந்தது. ஓட்டும்போது தூங்கினான் என்று ஆபீசுக்கு ஒரு வார்த்தை போனால் போதும், விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து சைட்டிலிருந்து அவருக்கு போன். அவர் என்னைப் பார்த்தார். “டயர் பஞ்சர். லேட் ஆகும்” என்றார். வைத்துவிட்டு, என் சீட்டைச் சாய்த்து, “தூங்கு” என்றார். ஏசியை ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எழுந்ததும் வெட்கமாக இருந்தது. இன்றைக்கு டீ என் கணக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பா லாரி டிரைவராம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் இதைத்தான் விளையாடுவாராம். “இந்த விளையாட்டு எனக்கு இல்லை பாய், டிரைவருக்கு” என்றார். இத்தனை நாளும் அவரைத் திட்டிய நான், வண்டியை எடுத்ததும் நானாகவே “‘க’வுல இன்னொண்ணு சொல்லுங்க” என்றேன்.

இப்போது ஊரோடு இருக்கிறேன். மருமகன் கார் ஓட்டினால் முன்சீட்டில் நான்தான். “மாப்பிள்ளை, ‘ப’வுல ஒரு சாப்பாடு சொல்லுங்க” என்பேன். “மாமா, கொஞ்ச நேரம் சும்மா வாங்களேன்!” என்று அவர் சலித்துக்கொள்வார். நன்றாகச் சலித்துக்கொள்ளட்டும், சலித்துக்கொள்கிற வரைக்கும் அவர் விழித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.