பரீட்சை ஹாலில் பெல் அடித்த பிறகு

பரீட்சை ஹால் டூட்டி என்றால் மூன்று மணி நேரம் சும்மா நடக்கிற வேலை என்பது நடந்து பார்க்காதவர்களின் நினைப்பு. கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது வருடமாக கெஸ்ட் லெக்சரராக இருக்கிறேன். ஒவ்வொரு செமஸ்டரும் ஹாலில் நிற்கிறேன். இதே வேலையில் கால் கடுத்தவர் என்றால், இதில் ஒன்றிரண்டாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

அரை மணிக்கு மேல் நான்கு நிமிடம்

பரீட்சை தொடங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டால் யாரையும் உள்ளே விடக்கூடாது. சுகன்யா வந்தது முப்பத்து நான்காவது நிமிடம். பொள்ளாச்சி ரோட்டில் பஸ் நின்றுபோய், மீதி தூரத்தை ஓடியே வந்திருக்கிறாள். அறுந்த செருப்பு கையில் இருந்தது. பிரின்சிபாலிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். ரூல் ரூல்தான் என்று பதில் வந்தது. கதவைச் சாத்தினேன். கடைசி பெல் அடிக்கும்வரை அவள் வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் வேறொரு பரீட்சை. கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஆன்லைனில் வரும், நாங்கள் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு சர்வர் தகராறு. ஐம்பது நிமிடம் பிள்ளைகள் வெறும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சுகன்யா. பக்கத்தில் போனபோது மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், அவிய கேள்வித்தாளு லேட்டா வந்தா யாரும் கதவச் சாத்தறதில்லீங்களா?"

ஒரே ஒரு வார்த்தை

எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பொருளாதாரக் கேள்வித்தாளில் மேலே இங்கிலீஷ், கீழே மலையாளம். தமிழ் கிடையாது. மாரிமுத்து எழுந்து, பத்து மார்க் கேள்வியில் ஒரு வார்த்தையைக் காட்டி அர்த்தம் கேட்டான். டிப்ரிசியேஷன். தமிழில் தேய்மானம். எனக்குத் தெரியும். ஆனால் கேள்விக்கு அர்த்தம் சொல்வது ஹாலில் குற்றம். பக்கத்து பெஞ்சில் இருந்த மலையாளப் பையனுக்குக் கேள்வித்தாளே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. "சொல்லக் கூடாதுப்பா" என்றேன்.

பேப்பரை வாங்கும்போது பார்த்தேன். கேள்வி எண் மட்டும் எழுதி, ஒரு பக்கம் முழுக்கக் காலியாக விட்டிருந்தான். வெளியே போகிறபோது சொன்னான்: "பதிலு எனக்குத் தெரியுமுங்க டீச்சர். கேள்விதானுங்க தெரியல."

ரெண்டு பேரைப் பிடித்தேன்

கதிர்வேலின் பேனா மூடிக்குள் சுருட்டிய பிட்டு இருந்தது. கைநீட்டினேன், தானாகவே எடுத்துக் கொடுத்தான். ரிப்போர்ட் எழுதினேன், அவனும் கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. படித்துவிட்டு வந்த மற்றவர்களுக்காகத்தானே நான் அங்கே நிற்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அதே ஹாலில் இன்னொருவன். சாக்ஸுக்குள் செல்போன். கல்லூரியை நடத்துகிற மேனேஜரின் தங்கை மகன். அதற்கும் ரிப்போர்ட் எழுதி, போனோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரின்சிபால் ரிப்போர்ட்டையும் போனையும் மேஜை டிராயரில் வைத்து, "நான் பார்த்துக்கறேன்" என்றார். கதிர்வேலின் ரிப்போர்ட் மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அவனுக்கு அந்த செமஸ்டர் முழுவதும் ரத்து. மற்றவனுக்கு மார்க் லிஸ்ட் வந்தது. நான் இன்னொரு முறை போய்க் கேட்டேன். கெஸ்ட் லெக்சரர்களின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம் இது என்று பிரின்சிபால் ஞாபகப்படுத்தினார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கதிர்வேல் படிப்பை நிறுத்திவிட்டு டி.சி. வாங்க வந்தான். படியில் என்னைப் பார்த்ததும் நின்று வணக்கம் சொன்னான். பிறகு சொன்னான்: "என்னயப் புடிச்சது தப்பில்லீங்க டீச்சர். ஆனா அந்த ஹால்ல நா ஒருத்தன் மட்டுமுங்களா பரீச்ச எழுதுனே?"

கூடுதல் ஒரு மணி நேரம்

தேவி மலைமேல் வட்டவடையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். பார்வை இல்லை. அவள் சொல்லச் சொல்ல இன்னொரு பெண் எழுதுவாள். விதிப்படி அவளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மற்ற ஹால்களின் பேப்பரெல்லாம் கட்டியாகிவிட்டது, அதை ஏற்றிப்போகும் வேன் கல்லூரி வாசலில் நிற்கிறது. ஆபீஸ் கிளார்க் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை வாசலில் நின்றுகொண்டே என்னிடம் சொன்னார்: "பேப்பர வாங்கிருங்க டீச்சர். கண்ணு தெரியாத புள்ளைக்கு மணி என்னன்னு தெரியவா போவுது?"

எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்திவிட்டாள். தேவி தன் கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து, முள்ளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "இன்னும் முப்பத்தெட்டு நிமிசம் இருக்கு சார்" என்றாள்.

அடுத்த செமஸ்டர் டூட்டி லிஸ்ட்டில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது, எங்கள் கல்லூரியில் பரீட்சை எவ்வளவு நேர்மையாக நடக்கிறது என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு பிரின்சிபாலுக்கு ஓர் ஆள் வேண்டுமே.